முதல் காசு மெஷினுக்கா, கயிற்றுக்கா?

போன மாதம் என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். கஜா புயலுக்குப் பிறகு என்னோடு மரம் வெட்ட வந்தவன். இப்போது நாலு ஆளை வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறான். கையில் ஒன்றரை லட்ச ரூபாய். போனை நீட்டி மரம் அறுக்கும் செயின்சா மெஷின் ஒன்றின் படத்தைக் காட்டினான். ஜெர்மன் கம்பெனியான ஸ்டிலின் எம்.எஸ். 382. 72 சிசி, 25 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு).

“அண்ணே, இத ஒண்ண எடுத்துட்டா எந்த மரத்தையும் பாத்துக்கலாம்ல?”

அன்று ராத்திரி பதினோரு மணி வரை பேசினோம். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம் தொழில் செய்கிறேன். வீட்டோரத்து மரம், தென்னை, கரண்டு கம்பிக்குப் பக்கத்துக் கிளை, இவைதான் என் வேலை. தோப்பை மொத்தமாகக் குத்தகை பேசி வெட்டி லாரி ஏற்றுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

அவனிடம் முதலில் ஒன்றுதான் கேட்டேன். “போன மாசம் நாம பாத்த வேலையில எத்தன மரத்துக்கு அந்த 25 அங்குலம் தேவப்பட்டுச்சு?” யோசித்துப் பார்த்தான். ஒன்று. பள்ளத்தெருவில் விழுந்து கிடந்த பழைய தூங்குமூஞ்சி மரம். மற்றதெல்லாம் ஓட்டு வீட்டுக்கு மேல் கவிழ்ந்த வேம்பு, மாடிப் பக்கம் நீண்ட மாங்கிளை, செப்டிக் டேங்குக்குப் பக்கத்துத் தென்னை. மேலே ஏறி, துண்டு துண்டாக நறுக்கி, கயிற்றில் கட்டி இறக்குகிற வேலை. அந்த வேலையில் பெரிய மெஷின் தரையில் சும்மாதான் கிடக்கும்.

மெஷின்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, சந்தையில் எங்கும் கிடைக்கும் சீன மெஷின். பெட்டியில் 58 சிசி என்று போட்டிருக்கும், 20 அல்லது 22 அங்குல பார் வரும். ஒரு ஜெர்மன் அல்லது ஸ்வீடன் மெஷின் வாங்குகிற காசில் இதில் நாலைந்து வாங்கிவிடலாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்பெல்லாம் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. அப்போது வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. பெரும்பாலும் இந்த ரகம்தான். அவசரத்துக்கு அவை உதவின. அதை நான் மறுக்க மாட்டேன். என் முதல் மெஷினும் அதுதான். ஆனால் தினமும் ஆறு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அது ஏற்றதல்ல. செயின் பிரேக் சரியாக விழாது, ஆயில் பம்ப் ஒருநாள் ஊற்றும் ஒருநாள் காயும், அதிர்வு கையை மரத்துப்போக வைக்கும். மாலையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கும். தரையில் விழுந்த விறகை நறுக்க ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறவே கூடாது.

இரண்டாவது, எம்.எஸ். 180 போன்ற சின்னது. 31.8 சிசி, எடை பாரும் செயினும் இல்லாமல் நாலு கிலோ அளவு. கவாத்துக்கு அருமை. வேம்பின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலோ புளியின் தூரிலோ வைத்து அழுத்தினால் மூச்சு வாங்கும். மூன்றாவது எம்.எஸ். 250. 45.4 சிசி, 4.6 கிலோ. எங்கள் வேலையில் முக்கால்வாசியை இது முடித்துவிடும். 16 அங்குல பார் போட்டால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்து ஒன்றரை, இரண்டடி விட்ட மரத்தைக்கூடச் சாய்க்கலாம். நான் தம்பிக்குச் சொன்னது இதைத்தான். ஸ்வீடன் கம்பெனியான ஹஸ்க்வர்னாவிலும் இதே அளவில் நல்ல மெஷின்கள் உண்டு. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் இருக்கிறதோ அதை வாங்குங்கள் என்பேன். செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு மூன்று நாள் காத்திருந்தால் நாலு பேர் கூலி கைவிட்டுப் போகும்.

நாலாவது, அவன் ஆசைப்பட்ட 382. நல்ல மெஷின்தான். பாரும் செயினும் இல்லாமலே 6.2 கிலோ, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, 25 அங்குல பார் மாட்டினால் எட்டு கிலோவைத் தாண்டும். மாதத்தில் ஒருநாள் தேவைப்படுகிற அதை அந்த ஒருநாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். மர வாடி வைத்திருக்கிற யாரையாவது ஆளும் மெஷினுமாகக் கூப்பிட்டும் முடித்துக்கொள்ளலாம். காசு முடங்காது.

ஐந்தாவது, மரத்தில் ஏறுகிறவர்களுக்கென்றே செய்த மேல்பிடி மெஷின். எம்.எஸ். 201 டி போன்றவை. 35.2 சிசி, 3.7 கிலோ. பிடி மெஷினுக்கு மேலேயே இருப்பதால் எடை உள்ளங்கையின் கீழேயே நிற்கும். இடுக்கான கவையில் நுழைக்க வசதி. அந்த வசதிதான் ஆபத்தும். ஒரு கையில் பிடித்து அறுக்கத் தோன்றும். பாரின் மூக்கில் மேல்பாதி ஏதாவது ஒரு கிளையில் பட்டால் மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். ஒரு கையால் பிடித்திருந்தால் நிறுத்த முடியாது. ஏறிப் பழகாதவன் கையில் இதைக் கொடுக்காதீர்கள். இதை இரண்டாம் வருடம் வாங்கிக்கொள் என்று அவனிடம் சொன்னேன்.

பேட்டரி மெஷின் பற்றியும் கேட்டான். மேலே போய் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டாம், வெட்டாதபோது சத்தமே இல்லை, கீழே நிற்பவன் சொல்வது காதில் விழும். இந்தக் கடைசிக் குணம் ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் நல்ல பேட்டரி இரண்டும் சார்ஜரும் சேர்த்தால் மெஷின் விலையையே நெருங்கும். நாள் முழுக்க ஓட இரண்டு போதாது, வேலை நடக்கும் வீட்டில் கரண்டு கேட்டு நிற்க வேண்டும். கவாத்து மட்டும் செய்கிறவர் யோசிக்கலாம்.

பழைய மெஷின் வாங்குவது இன்னொரு வழி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். மெஷின் தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மழமழவென்று இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் கோடு தெரிந்தால் யாரோ ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கம்பெனி ஆயில் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. மருந்து அளக்கிற மூடி ஒன்றைக் கேனிலேயே கட்டிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மெஷினோடு வரும் கையேட்டில் எத்தனை சதவீதம்வரை தாங்கும் என்று இருக்கும், வாங்குமுன் அதைப் படியுங்கள். மழைக்காலத்தில் பத்து நாள் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். என் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு இரண்டு முறை விறைத்துப்போனதற்குக் காரணம் அப்படிச் செய்யாமல் விட்டதுதான்.

எந்த மெஷின் என்பதைவிட எப்படித் தீட்டுகிறோம் என்பதில்தான் பாதி வித்தியாசம் இருக்கிறது. சின்ன மெஷினின் 3/8 அங்குல லோ புரொஃபைல் (தாழ்ந்த பல்) செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், .325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். மாற்றிப் போட்டால் பல் கெட்டுவிடும். அறுக்கும்போது தூள் செதில் செதிலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் நிறுத்தித் தீட்டுங்கள். தென்னையில் இது சீக்கிரம் நடக்கும். நார் மரம், அடியில் மண் ஏறியிருக்கும், இரண்டு மரத்துக்கு ஒருமுறை அரம் எடுத்தே ஆக வேண்டும். மழுங்கிய 72 சிசியைக் கூரான 45 சிசி தோற்கடிக்கும்.

இனி கயிறு. நான் அவனை அதிக நேரம் உட்காரவைத்தது இதற்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் ஏறுகிற முறைகள் நாலு. முதலாவது வெறும் ஆளாக ஏறுவது. இடுப்பில் அரிவாள், தோளில் ஒரு நைலான் கயிறு. தென்னைக்குக் காலில் தளை. எங்கள் பெரியவர்கள் இப்படித்தான் ஏறினார்கள். அவர்கள் உடம்பின் கணக்கும் மரம் பற்றிய அறிவும் எனக்கு இன்றும் வியப்புதான். முருங்கையில் கால் வைக்காதே, மயில்கொன்றைக் கிளையை நம்பாதே, வேம்பு வளைந்துதான் ஒடியும், முருங்கை சொல்லாமல் ஒடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அரிவாளோடு ஏறிய காலத்து முறை, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடுகிற எஞ்சினோடு ஏறும்போது செல்லாது. இரண்டு கையும் மெஷினில் இருந்தால் மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை ஏது?

இரண்டாவது, கட்டட வேலை செய்கிறவர்களின் பெல்ட். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையோடு ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. ஒன்றுமில்லாததற்கு இது ஆயிரம் மடங்கு மேல். குறை என்னவென்றால் இதன் முக்கிய வளையம் முதுகில் இருக்கிறது; விழுந்தால் பிடித்துக்கொள்வதற்காகச் செய்தது. அதில் தொங்கியபடி வேலை செய்ய முடியாது. தொடைப் பட்டை இறுக்கி, கால் ரத்தம் மேலே ஏறாமல் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். வாங்கினால் இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, சாய்ந்து நின்று வெட்டலாம்.

மூன்றாவது, மரத்துக்கென்றே செய்த உட்காரும் ஹார்னஸ். பெட்சல் கம்பெனியின் செக்கோயா போன்றவை. இடுப்புக்கும் தொடைக்கும் அகலப் பட்டை, முன்னால் பாலம்போல் ஒரு கயிற்றுத் துண்டு. மேல் கயிறு அந்தப் பாலத்தில் நகரும். ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு ஆடிப் போகலாம். விலை ஒரு நல்ல மெஷின் விலை. தம்பி அந்த இடத்தில்தான் முகம் சுளித்தான்.

நாலாவது காலில் இரும்பு முள் போட்டு ஏறுவது. வெட்டிச் சாய்க்கப்போகிற மரத்துக்கு மட்டும் அது சரி. நிற்கப்போகிற மரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புண். வேம்பாவது கொஞ்ச நாளில் பட்டை மூடிக் கொள்ளும். தென்னைக்கு அந்த வாய்ப்பே இல்லை, பட்ட காயம் சாகும்வரை அப்படியே இருக்கும். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தேங்காய் பறிக்கிறவர் தோப்பில் முள் போட்டு ஏறினால் தோப்புக்காரர் விரட்டினாலும் தப்பில்லை. தென்னைக்குக் கேரளத்தில் செம்பேரி ஜோசப் உருவாக்கிய ஏறும் கருவி இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த உட்கார்ந்து ஏறும் கருவியும் இருக்கிறது. ஆனால் கிளை உள்ள மரத்துக்கு அவை உதவா.

ஏணியை ஐந்தாவதாகச் சேர்க்கவில்லை. ஏணியில் நின்று மெஷின் ஓட்டக் கூடாது. கிளை அறுந்ததும் பாரம் இறங்கிய மீதிக் கொம்பு மேலே எழும்பும், ஏணி காற்றில் நிற்கும்.

கயிற்றின் கதையைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு மாமரத்தில் நீலநிறப் பிளாஸ்டிக் கயிற்றில் ஏறியிருந்தேன். மாடு கட்டுகிற அதே கயிறு. கவையில் நேராகப் போட்டு, ஒரு முனையில் நான், மறுமுனையைக் கீழே இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினான். தரைக்கு வந்து கயிற்றைச் சுருட்டும்போது ஒரு முழத்துக்கு இழைகள் உருகி, கண்ணாடிபோல் மின்னி, வளைத்தால் மொறமொறவென்றது. நகத்தால் கீறினேன், தோல் உரிந்து வந்தது. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கயிறு கவையில் உரசுகிற சூட்டில் அது எளிதாக நடக்கும். நைலான் 220 டிகிரி வாக்கிலும், பாலியெஸ்டர் 250 வாக்கிலும்தான் உருகும். அந்த ஒரு முழத்தை நறுக்கி இன்றும் என் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வளைத்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை.

அதனால் என் கணக்கு இது: வாடகைக்குக் கிடைப்பதை முதலில் வாங்காதே, உன் உயிர் தொங்குவதை வாடகைக்கோ இரவலுக்கோ எடுக்காதே. இரவல் வாங்கிய மெஷின் கெட்டுப்போனால் வேலைதான் நிற்கும். இரவல் கயிறு எந்த வெயிலில் கிடந்தது, எந்த ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் இருந்தது, எந்தச் செயின் அதைத் தொட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஏறும் கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர், பாலியெஸ்டர் உறை, 45 அல்லது 50 மீட்டர். அதில் ஏறி இறங்க, பாரம் ஏறினால் கயிற்றை இறுக்கிப் பிடித்து, தளர்த்தினால் நகரும் புரூசிக் முடிச்சு போடத் தெரிந்தால் போதும். 1931-இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி எழுதிவைத்த முடிச்சு. அதையே இயந்திரமாகச் செய்த கருவிகள் விலை அதிகம், பிறகு பார்க்கலாம். கூடவே மரத்தைச் சுற்றிப் போட ஒரு குட்டைக் கயிறு. மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது இந்த இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். ஒன்றைச் செயின் தொட்டாலும் மற்றது பிடிக்கும். குட்டைக் கயிற்றில் நடுவே ஸ்டீல் கம்பி உள்ள ரகம் உண்டு. செயினுக்கு அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் கரண்டு கம்பிக்கு அருகில் அதைக் கொண்டுபோகக் கூடாது.

இறக்கும் கயிறு தனி. ஏறும் கயிற்றில் ஒருபோதும் கட்டை கட்டாதீர்கள். ஓரடி விட்டம், ஒரு மீட்டர் நீளப் பச்சை மரம் கிட்டத்தட்ட 70 கிலோ. அதைக் கப்பியில் தொங்கவிட்டாலே கப்பி கட்டியிருக்கிற கவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். அதுவும் அசையாமல் நின்றால்தான். இரண்டடி விழுந்து நின்றால் பல மடங்காகும். துண்டைச் சின்னதாக வெட்டுங்கள். மணி ஐந்தாகிறது, ஒரே துண்டாக இறக்கிவிடலாம் என்று தோன்றுகிற நேரத்தில்தான் ஓடு உடையும்.

செயின் வெட்டைத் தடுக்கும் கால்சட்டையையும் மறந்துவிட வேண்டாம். செயின் பட்டால் உள்ளிருக்கும் நீள இழைகள் வெளிவந்து ஸ்பிராக்கெட்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். இதில் முதல் வகுப்பு (கிளாஸ் 1) ரகம் வினாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது. எங்கள் வெயிலில் போட முடியாது என்பார்கள். முன்பக்கம் மட்டும் மூடுகிற கால் உறை இருக்கிறது, அதையாவது போடுங்கள். ஹெல்மெட், காது மூடி, கண் வலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி பற்றி ஒரே வார்த்தை: சொந்தமாக டாடா ஏஸ் வாங்க அவசரப்படாதீர்கள், தெருவில் நிற்கிற வண்டியை டிரிப்புக்குப் பேசுங்கள்.

காசு பேசுவதில் மூன்று வழக்கம் உண்டு. மரத்தை நாமே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் காசு கொடுப்பது. மரத்தை எடுத்துக்கொண்டு வெட்டுக்கூலி வாங்காமல் விடுவது. கூலி தனி, மரம் தனி என்று பேசுவது. புளி, வேம்பு, தேக்கு என்றால் முதல் வழி கவர்ச்சியாக இருக்கும். நானும் அதில் கை சுட்டிருக்கிறேன்: அறுத்துப் பார்த்தால் உள்ளே பொந்து, வைரம் இருந்த இடத்தில் கரையான் மண். இப்போது கூலி தனி என்றுதான் பேசுகிறேன். கூலி தனியாக இருந்தால் கவாத்து செய்தாலும் காசு, சாய்த்தாலும் காசு. சாய்க்கத் தேவையில்லாத மரத்தைச் சாய்க்கச் சொல்ல வாய் வராது. மரத்தின் விலையில் கூலி ஒளிந்திருந்தால் நிற்கிற மரமெல்லாம் விறகாகத் தெரியும். வீட்டுக்காரர் “மொட்டை அடிச்சுருங்க” என்பார். மொட்டையடித்த வேம்பு அடுத்த மழைக்குக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும்; அந்தக் கொம்புகள் மேல்பட்டையில் ஒட்டினாற்போல்தான் நிற்கும், மூன்று நாலு வருடத்தில் காற்றுக்கு ஒடியும். கிளை தண்டோடு சேருமிடத்தில் ஒரு வீக்கம் இருக்கும். அதை விட்டு, அதை ஒட்டி வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும். முதலில் ஓரடி தள்ளி அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து, கடைசியில் வீக்கத்தை ஒட்டி. பட்டை தண்டுவரை கிழியாது. இதை வீட்டுக்காரருக்குக் காட்டிச் சொன்னால் பலர் கேட்கிறார்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி தேடக் கூடாது. ரோட்டோரத்து மரம், பள்ளிக்கூட மரம், கோயில் மரம் எதுவானாலும் காகிதம் கையில் இல்லாமல் மெஷினை இறக்காதீர்கள். பொது இடத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. சந்தனம் சொந்த வீட்டில் நின்றாலும் வனத்துறையைக் கேட்க வேண்டும். பனைக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். கம்பிக்கு அருகே என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லி, லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஏறுங்கள். ஈரக் கிளை கம்பியைத் தொட்டால் அதுவும் கம்பிதான். ஆளுக்கு வருடம் 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடு வங்கியிலேயே இருக்கிறது, 2 லட்சம். நாலு பேருக்கும் முதல் வாரமே போட்டுவிடு என்றேன். கீழே நிற்கிறவர்களில் ஒருவனாவது ஏறத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், அவனுக்கும் ஒரு பெல்ட் வேண்டும். மேலே மயங்கித் தொங்குகிறவனை 108 வரும்வரை யார் இறக்குவது?

போன வாரம் தம்பி வாங்கிவந்ததைக் காட்டக் கூப்பிட்டான். எம்.எஸ். 250 ஒன்று, மரம் ஏறும் ஹார்னஸ் ஒன்று, கீழாளுக்குப் பக்க வளையம் உள்ள பெல்ட் ஒன்று, 50 மீட்டர் கயிறு, இறக்கும் கயிறு, கப்பி, கால் உறை இரண்டு, அரம் ஆறு. பழைய சீன மெஷினைத் தரை வேலைக்கு வைத்துக்கொண்டான். மீதிக் காசு வங்கியில் இருக்கிறது, மழைக்காலத்துக்கு. புதுக் கயிற்றின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் சுற்றி, மார்க்கர் பேனாவால் வாங்கிய தேதியை எழுதியிருந்தான். கீழே இன்னும் சின்ன எழுத்தில், ‘கட்டை கட்டாதே’ என்று.